800 மீட்டர் ஓட்டத்தில் கென்ய வீரர் ருடிஷா மாதிரி முன்னால் ஓடும் உங்கள் மகன் கடைசி 200 மீட்டரில் தளர்வது பற்றி

முன்னால் ஓடட்டும், தப்பில்லை. முதல் சுற்று (400 மீட்டர்) 58 விநாடி, அடுத்தது 72 என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். முதல் சுற்றை 63, 64இல் ஓடச் சொல்லுங்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியோட்டத்தில் ருடிஷா, வேகம் காட்ட ஆளே இல்லாமல், முதல் சுற்றை 49.28 விநாடியில் முடித்தார். இரண்டாவது 51.63. மொத்தம் 1:40.91, உலக சாதனை. இரண்டு சுற்றுக்கும் இடைவெளி 2.35 விநாடிதான்! கடைசியாக வந்தவரே 1:43.77. இங்கே சிங்கப்பூரில் தேசிய தினம் முடிந்த விடியற்காலையில் அதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

பையன் பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பாய்ந்துவிடுகிறான். ஒவ்வொரு 200 மீட்டருக்கும் நேரம் குறித்துப் பாருங்கள். முதல் 200 மட்டும் 28க்குள் வந்தால் காரணம் அதுதான்.

ஒன்று, காலையில் சோதியுங்கள். சிங்கப்பூர் மதிய வெயிலில் எடுத்த நேரத்தை நம்பாதீர்கள்.