காதலிக்கு ரகசியம் எப்போது தெரியலாம்?

தன் காதலன்தான் முகமூடி வீரன் என்பது அடுத்த அத்தியாயத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடட்டும். சிங்கப்பூரின் ஈசூனில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கும் உங்கள் கதையின் முகமூடி வீரன் ஒவ்வொரு சண்டைக்கும் காதலியிடம் ஒரு புதுப் பொய் சொல்லிவிட்டு ஓடுகிறான், பத்தாம் அத்தியாயத்தோடு கதை நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் நல்ல பொய் தேடுவதில் பயனில்லை.

ரகசியத்தால் கஷ்டப்படுவது அவன் மட்டும்தான், அவள் வெறுமனே காத்திருக்கிறாள், கதை நின்றதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவன் தாமதமாக வரும் காட்சிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அவளுடைய முடிவு ஒன்றாவது மாறுகிறதா? மாறவில்லை என்றால் சிக்கல் அங்கேதான்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது. ஸ்பைடர்மேன் காமிக்ஸில் 1984இல் மேரி ஜேன், ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரிடம் அப்படித்தான் சொன்னாள், அதுவரை விளையாட்டுப் பெண்ணாகத் தெரிந்தவள் ஒரே நாளில் ஆழமானவள் ஆனாள். உங்கள் ஊருக்கும் இது பொருந்தும்: மின்தூக்கி அருகே போலீஸ் கேமரா, பொது நடைபாதையில் அண்டை வீட்டார், ஒரே வீட்டில் அம்மா அப்பா. இத்தனைக்கும் நடுவே அவள் கவனிக்காமல் இருப்பதுதான் நம்ப முடியாதது.

காமிக்ஸில் சூப்பர்மேனும் 1991இல் தன் காதலி லோயிஸிடம் உண்மையைச் சொன்னார், 1996இல் கல்யாணம், கதை நிற்கவில்லை.

ஒன்று மட்டும்: தெரிந்த கையோடு அவளை வில்லன் கடத்திவிட வேண்டாம், அப்புறம் அவள் மறுபடி காத்திருப்பவள்தான்.