பதினைந்தில் விட்டது முப்பதில்

கேள்வி: லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் பெண்ணின் 15-ஆம் பிறந்தநாளுக்கு நடக்கும் ‘கின்சியன்யேரா’வை அங்குள்ள பால்புதுமையினர் (திருநர், தன்பாலீர்ப்பாளர் போன்றோர்) தங்களுக்கேற்ப மாற்றிக் கொண்டாடுகிறார்களாமே? எங்கள் திருநங்கைத் தோழிக்கு 30 வயது. செய்யலாமா?
- வாசகி, ஓசூர்

பதில்: தாராளமாக. ‘இரட்டைப் பதினைந்து’ என்று 30-இல் கொண்டாடுவது அங்கேயே உண்டு. மரபில் 14 ஜோடி உடன் நிற்கும். உங்களுக்கு ஏழே அதிகம். உயிரான கட்டம் செருப்பு மாற்றுவது. தட்டைச் செருப்பைக் கழற்றி அப்பா ஹீல்ஸ் மாட்டிவிடுவார். இங்கே அவளை மகளாகத் தத்தெடுத்த அம்மா செய்யட்டும். பாவாடை நீளத்தை ஹீல்ஸ் போட்டு அளந்தால், தட்டைச் செருப்போடு நுழையும்போது தரையில் இழுபட்டுத் தடுக்கும். கையில் தூக்கி நடக்கப் பழகவேண்டும். விழாவில் ஆடும் வால்ட்ஸ், தாளத்தில் மூன்று தட்டு உள்ள நடனம். நான்கு தட்டு குத்துப்பாட்டுக்குக் கால் சேராது. மஞ்சள் நீராட்டும் உண்டென்றால் அதை முதலில் முடியுங்கள், சாட்டினில் மஞ்சள் பட்டால் லேசில் போகாது. தங்கள் அடையாளத்தை வீட்டில் சொல்லாதவர்களும் வருவார்கள்: படம் வேண்டாதவர்களுக்குத் தனி நிற ரிப்பன் கட்டி, போட்டோகிராபரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.