மூளைப் புரதங்களைப் படிக்க நினைக்கும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

"டாக்டருக்குப் படி என்றால், நரம்பு நுனியில் இருக்கும் ஏதோ புரதத்தைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்கிறாள். இதற்கெல்லாம் வேலை உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். அம்மா, அந்த 'ஏதோ' என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சேதி சொல்ல, சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள நுண்பைகளில் வேதிப்பொருளை நிரப்பி நுனியில் தயாராக வைத்திருக்கிறது. பையில் சினாப்டோபிரெவின், நரம்பின் சவ்வில் சின்டாக்சின், ஸ்னாப்-25 என்று மூன்று புரதங்கள் கயிறு திரிப்பதுபோல் ஒன்றையொன்று சுற்றிப் பாதியில் காத்திருக்கும். மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாயும். சினாப்டோடாக்மின் என்ற இன்னொரு புரதம் அதை உணரும். முறுக்கு இறுகி, பை சவ்வோடு இணைந்து திறந்துவிடும். கால்சியம் நுழைந்த பிறகு இதற்கு ஒரு மில்லிவிநாடிகூட ஆவதில்லை. எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை. உங்கள் மகளுக்கும் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் விரும்பும் மருத்துவம் இதற்கு வெகு பக்கத்தில்தான் இருக்கிறது. டெட்டனஸ் நஞ்சு சினாப்டோபிரெவினை வெட்டுகிறது. போட்யூலினம் ஏ வகை நஞ்சு ஸ்னாப்-25ஐ வெட்டுகிறது. அதையே மிகச் சிறிய அளவில் தசை இறுக்கத்துக்கு ஊசியாகப் போடுகிறார்கள். மங்க்18-1 என்ற துணைப் புரதத்தின் மரபணுவில் பிழை இருந்தால் பச்சிளங்குழந்தைக்குக் கடுமையான வலிப்பு வரலாம். வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் லெவெடிராசெட்டாம் மாத்திரையும் நுண்பையில் உள்ள ஒரு புரதத்தில்தான் போய் ஒட்டுகிறது.

எந்தப் பட்டம் என்று இப்போதே மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செல்லுக்குள் பைகள் சரக்கு கொண்டுபோகும் வழியைக் கண்டதற்காக 2013இல் நோபல் பெற்ற மூவரில் ஷெக்மன் ஈஸ்ட்டை வைத்து ஆராய்ந்தார், ராத்மன் உயிர்வேதியியல் வழியில் வந்தார், சூடோஃப் மருத்துவம் படித்தவர். இளநிலையில் உயிர்வேதியியல், இயற்பியல் போன்ற அகலமான பாடமே நல்லது. நரம்பியல் முதுநிலையில் வரட்டும். கூடவே புள்ளியியலும் நிரல் எழுதுவதும் கட்டாயம் கற்கட்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். முனைவர் பட்டம் வரை நீண்ட ஆண்டுகள் ஆகும். பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடங்கள் குறைவு. ஆனால் புரதத்தைப் பிரித்தெடுக்கவும், ஒற்றை நரம்பணுவின் மின்னோட்டத்தை அளக்கவும், நுண்ணோக்கிப் படங்களை அலசவும் தெரிந்தவர்களுக்கு மருந்து ஆய்விலும் நோயறி ஆய்வகங்களிலும் வேலை இருக்கிறது.

இந்த விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் அவளைச் சில வாரம் இருக்கவிடுங்கள். அங்கே சோதனைகள் பெரும்பாலும் பிசகும். வீட்டுக்கு வந்து அவள் அலுத்துக்கொள்கிறாளா, அல்லது நாளைக்கு எதை மாற்றிப் பார்க்கலாம் என்று பேசுகிறாளா, கவனியுங்கள். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.