பல வருடம் ஓடாமல் நின்ற பழைய காரை எழுப்புவது: கேள்விகளும் பதில்களும்

அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு மாதிரி பெட்ரோலில் ஓடும் பழைய வண்டிகளின் இன்ஜின் வேலைதான் எனக்குத் தெரிந்தது. டிங்கரிங், பெயின்ட், விலை நிலவரம் எல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள். பதில்களுக்கு முன்னால் எல்லாருக்கும் ஒன்று: வண்டி வருடக்கணக்கில் நின்றிருந்தால், இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்கும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

காரைக்குடி: அப்பாவின் 1978 அம்பாசடர். அவர் காலமான பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஷெட்டிலேயே நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது சார்?

பேட்டரியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள், இப்போதைக்கு அதற்கு வேலை இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஷெட்டில் நின்ற வண்டி என்றால் எலி கூடு கட்டியிருக்கும், தேங்காய் நாரும் நெல் உமியும் கந்தல் துணியுமாக ஃபில்டர் பெட்டி நிறைய இருக்கும். கார்புரேட்டர் வாயிலும் சைலென்சர் குழாயிலும் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். இதைப் பார்க்காமல் செல்ஃப் அடித்தால் அவ்வளவு குப்பையும் சிலிண்டருக்குள் போகும்.

அடுத்து நாலு பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். மூன்று பிளக் கறுப்பாகவும் ஒன்று மட்டும் செம்பழுப்புத் துருவோடும் வந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயில், அசிட்டோன் இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் துருவுக்குள் நன்றாக இறங்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. கிடைக்காவிட்டால் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து விடலாம், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். ஓட்டையைத் துணியால் மூடி ஒரு வாரம் அப்படியே விடுங்கள். நடுவில் ஒரு தடவை இன்னும் கொஞ்சம் ஊற்றலாம்.

பிறகு கியரை நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போடுங்கள். அம்பாசடரில் அந்த வசதி இருப்பது பெரிய கொடுப்பினை. அழுத்தித் திருகக் கூடாது. கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், நின்றால் விடுங்கள். பின்பக்கம் அசைத்துப் பார்க்கக் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட வேண்டும், நட் இளகாத அளவுக்கு லேசாக. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று அசைய அசைய இடம் கொடுக்கும். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி ஏறி மிதிக்கிற வேலை வேண்டாம், கையோடு வராதது எண்ணெயோடு வரும்.

சுற்ற ஆரம்பித்ததும் வால்வு கவரைத் திறந்து வைத்து முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். இரண்டு சுற்றில்தான் எட்டு வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். வால்வை அழுத்தித் திறக்கும் ஒவ்வொரு ராக்கரும் கீழே போய்த் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். ஒன்று கீழேயே நின்றுவிட்டால் அந்த வால்வு இறுகிப் பிடித்திருக்கிறது. அதோடு செல்ஃப் அடித்தால் ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு வளையும்.

எல்லாம் சரியா? இப்போது பழைய ஆயிலை இறக்குங்கள். முதலில் தண்ணீரோ, பால் கலந்த மாதிரி வெள்ளையாகவோ வந்தால் சம்ப்பை (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றிச் சுத்தம் செய்யாமல் மேலே போகாதீர்கள். புது ஃபில்டர், புது 20டபிள்யூ-50 மினரல் ஆயில். பிளக் போடாமலேயே, ஓட்டைகளின் மேல் துணியைப் போர்த்தி (உள்ளே இருக்கும் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும்), பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். பேட்டரிக்கு இப்போதுதான் வேலை. ஆயில் பிரஷர் ஏறும்வரை பிளக் போடக் கூடாது.

திருச்சி: எங்களுடையது டீசல் அம்பாசடர். இதே முறைதானா?

டீசல் என் துறை இல்லை. பம்பு, நாசில் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். கையால் சுற்றிப் பார்ப்பது மட்டும் அதற்கும் பொருந்தும்.

நாகர்கோவில்: பத்மினி. பாதி டேங்க் பெட்ரோல் 2011லிருந்து அப்படியே இருக்கிறது. மேலே புது பெட்ரோல் ஊற்றினால் போதுமா அண்ணா?

போதாது தம்பி. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனையே இருக்காது, பழைய வார்னிஷ் டப்பா மாதிரி அடிக்கும். அதை முழுதாக இறக்கி, டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். டேங்க் வேலை முடியும்வரை தனியாக ஒரு சின்ன கேனில் புது பெட்ரோல் வைத்து இன்ஜினைச் சோதிக்கலாம்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் கோந்து மாதிரி ஒட்டியிருக்கும். கிளீனரில் ஊறவைத்து, ஜெட்டுகளைக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை ஜெட்டின் ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் வண்டி பெட்ரோலைக் குடிக்கும்.

பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் இத்தனை வருடத்தில் காய்ந்து வெடித்திருக்கும். அது கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்ப்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தால் அந்த இன்ஜினை ஓட்டாதீர்கள், பேரிங்கும் போகும், தீ ஆபத்தும் உண்டு. பம்பு கிட்டை மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்கள் அதற்குத் தாங்காது. ஆர்9 தரம் என்று கேட்டு ஹோஸ் வாங்குங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், ஓட்டாமல் வைக்கப்போகிற வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

ஈரோடு: சும்மா ஒரே ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா? சுற்றுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

கூடாது. சுற்றுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் ஹேண்டில் இருக்கிறது.

தேனி: இவ்வளவு வேலை எதற்கு? எங்கள் மாமா தோட்டத்தில் வருடக்கணக்காக நின்ற அம்பாசடரை டிராக்டரில் கட்டி, மூன்றாவது கியரில் போட்டு இழுத்தார். தெருமுனை போவதற்குள் ஸ்டார்ட் ஆகிவிட்டது. நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

ஸ்டார்ட் ஆனது என்பதை நம்புகிறேன். ஆனால் உங்கள் மாமாவின் இன்ஜின் துருவில் இறுகிப் பிடித்திருக்கவே இல்லை, அதனால்தான் சுற்றியது. அதற்கு டிராக்டரே தேவையில்லை, ஹேண்டிலிலேயே சுற்றியிருக்கும். பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். துருவில் ஒட்டிய பிஸ்டன் ரிங் நகராது, பிஸ்டன் நகர்ந்தாக வேண்டும், ரிங் உட்காரும் பள்ளம் உடையும். சிலிண்டரில் தண்ணீர் நின்றிருந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். கையால் சுற்றும்போது எதிர்ப்பு கைக்குத் தெரியும், நிறுத்திவிடுவோம். டிராக்டருக்கு எதுவும் தெரியாது. அதோடு, பல வருடம் நின்ற இன்ஜினில் பேரிங்கிலும் கேமிலும் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. ஆயில் ஏறுவதற்குள் இரும்பும் இரும்பும் உரசித்தான் ஓடும்.

தேனி, மறுபடியும்: அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஓடியது சார். ஒரு வாரம் ஊறவைக்கச் சொல்கிறீர்கள், மெக்கானிக் கூலி யார் கொடுப்பது?

ஊறவைக்கக் கூலி எதற்கு? எண்ணெயை ஊற்றிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அந்த இரண்டு வருடமும் எப்படி ஓடியது என்று மாமாவிடம் கேளுங்கள். நீலப் புகை வந்ததா? எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஆயில் ஊற்றினார்? வண்டி இன்னும் இருந்தால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பாருங்கள். நாலு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒன்று குறைவாக இருந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

மதுரை: தேனிக்காரர் சொல்வது சரிதான். எங்கள் பட்டறையில் லாரிகளை இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்வோம்.

நேற்று ஓடிய லாரி, இன்று பேட்டரி இறங்கிவிட்டது, இழுக்கிறீர்கள். அதில் ஆயில் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. நான் பேசுவது பத்து வருடம் நின்ற வண்டியை. அதன் வீல் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும், மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். கயிற்றில் வரும் வண்டி திடீரென்று ஸ்டார்ட் ஆகி, பிரேக் இல்லாமல், முன்னால் இருக்கும் டிராக்டர் மேல் ஏறினால் உள்ளே உட்கார்ந்திருப்பவன் கதி என்ன? ஓட்டுபவர் பெரும்பாலும் வீட்டுப் பையனாக இருப்பான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்த கேள்வி.

கோவை: ஜம்பர் வயர் போட்டு செல்ஃப்...

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

யாழ்ப்பாணம்: அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ40. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார், பிறகு கொட்டிலில் விட்டுவிட்டோம். திரும்ப ஓட வைக்கலாமோ?

நல்ல கேள்வி, தாராளமாக ஓட வைக்கலாம். பெட்ரோல் கிடைக்காத அந்த வருடங்களில், கொஞ்சம் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அந்த இன்ஜின்களின் கம்ப்ரெஷன் குறைவு என்பதால் தாங்கியது. ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும், பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி கட்டும். அதனால் உங்களுக்கு மட்டும் என் ஆலோசனை வேறு: ஊறவைத்துச் சுற்றிப் பார்த்த பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன்பே சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வுகள் சீட்டில் சரியாக உட்காரும்படி தேய்த்து லேப்பிங் செய்யுங்கள். சம்ப்பைக் கழற்றி பேரிங்குகளையும் பாருங்கள். இன்னொன்று, அந்தக் கார் பாசிட்டிவ் எர்த். யாரும் மாற்றியிருக்காவிட்டால், பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்குப் போக வேண்டும்.

சென்னை: ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய இன்ஜின் கெட்டுவிடும் என்கிறார்களே?

இந்தியா முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் மட்டும் என்று ஆனது 2000 பிப்ரவரியில். அதற்குப் பிறகும் உங்கள் வண்டி ஓடியிருக்கும். அம்பாசடர் ஹெட்டில் வால்வு வந்து உட்காரும் சீட் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது, நீண்ட தூரம் விரட்டி ஓட்டினால் தேயும். டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் இடம்) குறைந்துகொண்டே போனால் அதுதான் அறிகுறி. ஹெட்டைக் கழற்றும் நாளில் லேத்தில் கொடுத்து கெட்டியான சீட் போட்டுக்கொள்ளுங்கள். இப்போதே கழற்ற வேண்டாம்.

சேலம்: 1962 ஹெரால்டு. வின்டேஜ் பதிவு கிடைக்குமா?

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு 2021 விதிப்படி 'விஏ' எழுத்துள்ள வின்டேஜ் பதிவு எண் உண்டு. அதை வாங்கினால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. மற்றதை ஆர்டிஓவில் கேளுங்கள்.

தஞ்சாவூர்: எல்லாம் செய்துவிட்டேன், ஸ்பார்க் வரவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை வரவழைக்கும் பாயிண்ட்டின் முகத்தில் வெளிறிய படலம் படிந்திருக்கும், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் கரன்ட் போகாது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். அப்படியும் வராவிட்டால் பாயிண்ட்டோடு இணைந்த கன்டென்சர் கெட்டிருக்கலாம்.

திண்டுக்கல்: ஸ்டார்ட் ஆகிவிட்டது! ஓட்டிப் பார்க்க ரோட்டுக்கு எடுக்கலாமா?

வாழ்த்துகள், ஆனால் எடுக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், ரப்பர் குழாய்கள் எல்லாம் கழற்றிப் பார்த்து, பழைய பிரேக் ஆயிலை முழுதாக மாற்றிய பிறகுதான். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம், அப்படியானால் கிளட்ச்சை மிதித்தாலும் வண்டி நகரும். அதனால் முதலில் வீல்களுக்கு முட்டுக் கொடுத்துச் சோதியுங்கள். அதுவரை ஷெட் வாசலிலேயே இருபது நிமிடம் ஓடவிட்டு டெம்பரேச்சரைப் பாருங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆற வைத்து, ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டு எவ்வளவு துரு வருகிறது என்று பாருங்கள். புது ஆயிலையும் கொஞ்ச நேர ஓட்டத்திலேயே இறக்கிவிடுங்கள், பழைய கசடு முழுக்க அதில்தான் வந்திருக்கும்.