உப்புப் பூக்கும் கிண்ணம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த நீல-வெள்ளைச் சீனக் கிண்ணம் ஒன்றை ஏலத்தில் வாங்கினேன். விளிம்பில் சில்லு போன இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறதே?

பதில்: அது கடல் உப்பு. நன்றாக வெந்த பீங்கான் நீரை உறிஞ்சாது. ஆனால் சில்லு போன இடம், மெருகு (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) பூசாத அடிவளையம், மயிரிழை விரிசல் வழியாக உப்புநீர் உள்ளே இறங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் உப்பு கரையும், காய்ந்தால் படிகமாகும். சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்வதுபோல, அந்தப் படிகம் மெருகை உள்ளிருந்தே நெட்டிச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அதற்குமுன் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். முன்பு யாராவது ஒட்டிய பசையும் பூசிய பூச்சும் பெரும்பாலும் தனி நிறத்தில் ஒளிரும். அப்படி இருந்தாலோ, மெருகின் மேல் தீட்டிய வண்ணமோ பொன்னோ உரிந்துகொண்டிருந்தாலோ தண்ணீரில் போடாதீர்கள். பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் தொட்டியில் ஸ்பாஞ்சு விரித்து, கிண்ணம் முழுதும் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கொட்டும்முன் டி.டி.எஸ். மீட்டரில் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) அளந்து எழுதி வையுங்கள். ஒரு வாரம் ஊறிய நீருக்கும் புதுநீருக்கும் மீட்டர் காட்டும் எண் ஏறக்குறைய ஒன்றானால் போதும். இதற்கு மாதக்கணக்கிலும் ஆகலாம், அவசரப்படாதீர்கள். பிறகு நிழலில் உலர விடுங்கள், ஹேர் டிரையர் கூடாது.

கேள்வி: ஒட்டியிருக்கும் சிப்பியையும் துருக்கறையையும் அமிலம், ப்ளீச் கொண்டு நீக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ப்ளீச் புதிதாக உப்பைச் சேர்க்கும். அமிலம் மெருகையும் அரிக்கக்கூடும். சிப்பியை நனைத்து மூங்கில் குச்சியால் மெல்ல நெம்புங்கள், வராததை விட்டுவிடுங்கள். கறையும் அதன் வரலாறுதான்.

கேள்வி: 'நான்கிங் சரக்கு' என்ற ஏல ஒட்டுச்சீட்டை நம்பலாமா?

பதில்: சீட்டு மட்டும் சாட்சி ஆகாது, அதைப் பெயர்த்து வேறு கிண்ணத்தில் ஒட்டலாம். 1752இல் மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலின் சரக்கு அது. 1985இல் எடுக்கப்பட்டு, 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. சீட்டிலுள்ள எண்ணை ஏலப் பட்டியலோடு ஒப்பிட்டு, உருவும் அளவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு கடலில் கிடந்த தடயம் தெரிகிறதா என்று பார்க்க, கிண்ணத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடியுங்கள். மெருகுக்கு அடியிலுள்ள கோபால்ட் நீலம் கடலுக்குத் தப்பிவிடும்; மேலே தீட்டிய சிவப்பும் பொன்னும் கரைந்திருந்தாலும், தூரிகை போன தடம் மங்கலாகத் தெரியக்கூடும்.