கேள்வி பதில்: பழைய மெயில் சர்வரை அணைக்கும் முன்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 300 மெயில்பாக்ஸ்கள். பழைய சர்வரில் கடிதங்களை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும், மெயில்பாக்ஸ்களைக் கையாளும் டவ்காட்டும் ஓடுகின்றன. வெள்ளிக்கிழமை மாலை வேலையைத் தொடங்கி, திங்கள் காலை எல்லோரும் வரும்போது புதிய சர்வருக்கு மாறியிருக்க முடியுமா?

பதில்: முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மெயில்பாக்ஸுக்குச் சராசரியாக 5 ஜிபி என்றால் மொத்தம் 1.5 டெராபைட். இரண்டு சர்வருக்கும் நடுவே 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்து, அது ஒரு நொடியும் தளராமல் ஓடினாலே 33 மணி நேரம் பிடிக்கும். அப்படி அது ஓடாது. ஒரே பெரிய ஃபைலை நகலெடுப்பது போன்ற வேலை இல்லை இது. லட்சக்கணக்கான சிறு கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் கேட்டு வாங்கிப் போட்டு உறுதி செய்யும் நேரம் தனி. பாதி வேகம் கிடைத்தாலே நல்லது. சனி, ஞாயிறு போதாது.

ஆனால் எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளுக்குள் அடைக்க வேண்டிய தேவையே இல்லை. ஏற்கெனவே வந்து சேர்ந்த கடிதங்களை நகலெடுப்பது ஒரு வேலை. இனி வரப்போகும் கடிதங்களைத் திசை திருப்புவது வேறொரு வேலை. முதலாவதை இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். பழைய சர்வர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கட்டும். புதியதும் டவ்காட் என்றால் அதோடு வரும் டிசிங்க் என்ற நகலெடுக்கும் கருவி போதும், அதுவே சிறந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வர் தரும் அடையாளமான யுஐடி எண்ணை அது மாற்றாமல் கொண்டுபோகும். மெயில் செயலிகள் சர்வரோடு பேசும் ஐமேப் முறையிலேயே நகலெடுக்கும் ஐமேப்சிங்க் கருவியைப் பயன்படுத்தினால் யுஐடி எண்கள் புதிதாகப் பிறக்கும். திங்கள் காலை 300 அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் எல்லாக் கடிதங்களையும் மறுபடி இறக்கத் தொடங்கி, அலுவலக இணைப்பே திணறும். கடிதங்களைத் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறை வைத்திருப்பவர்களுக்கோ எல்லாக் கடிதமும் இரண்டாம் முறை வந்து குவியும். வேறு வகை சர்வருக்குப் போகிறீர்கள் என்றால் ஐமேப்சிங்க்தான் வழி. அப்போது இந்த மறு இறக்கத்தையும் கணக்கில் வைத்துப் பயனர்களைப் பிரிவு பிரிவாக மாற்றுங்கள்.

முதல் நகல் முடிந்ததும் ஒவ்வொரு இரவும் மறுபடி ஓட்டினால், அன்றன்று வந்தவை மட்டும் போகும். வெள்ளி மாலைக்கு ஒருநாள் மிச்சம்தான் இருக்கும்.

ஐமேப்சிங்கில் டெலீட்2 என்று ஒரு விருப்பம் உண்டு. மூலத்தில் இல்லாத கடிதம் இலக்கில் இருந்தால் அதை அழித்துவிடும். ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திய கடிதம் இரண்டிலும் தெரிவதைத் தவிர்க்க, மாற்றத்துக்கு முந்தைய இரவுகளில் அது உதவும். திசை திருப்பிய பிறகு அதே விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டினால், புதிய சர்வருக்கு நேரடியாக வந்த கடிதங்கள் பழையதில் இல்லை என்பதால் அத்தனையும் போய்விடும். டிசிங்கின் பேக்கப் முறைக்கும் இதே ஆபத்து உண்டு. கடைசி ஓட்டத்தை ஒருவழி சிங்க் முறையில் செய்யுங்கள்.

இனி திசை திருப்புவது. உங்கள் டொமைனுக்கான கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களின் முகவரிப் பட்டியலில்) சொல்வது எம்எக்ஸ் பதிவு. அந்த விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது அதன் டிடிஎல். அது 86,400 நொடி என்றிருந்தால், ஒரு நாள் முழுக்கப் பழைய விடையை உலகம் நினைவில் வைத்திருக்கும். எனவே அதை 300 ஆகக் குறைப்பதை வியாழனுக்குள் முடியுங்கள். வெள்ளி மாலை குறைத்தால் பயனில்லை. உங்கள் கடிதங்களை எந்த சர்வர்களிடம் தரலாம் என்று அறிவிக்கும் எம்டிஏ-எஸ்டிஎஸ் வைத்திருந்தால், புதிய சர்வரின் பெயரை அந்தக் கொள்கை ஃபைலில் சேர்த்து, டிஎன்எஸ்ஸில் உள்ள அதன் அடையாள எண்ணையும் மாற்றிய பிறகே எம்எக்ஸைத் தொடுங்கள். இல்லாவிட்டால் ஜிமெயில் போன்ற சேவைகள் உங்கள் புதிய சர்வரை நம்பாமல் கடிதத்தை நிறுத்திவைக்கும்.

எம்எக்ஸை மாற்றிய அடுத்த நிமிடம் செய்ய வேண்டியது, பலர் தவறவிடும் வேலை. பழைய போஸ்ட்ஃபிக்ஸ் உங்கள் டொமைனை இன்னும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். உள்ளூர் டொமைன் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு, வாங்கிய கடிதத்தை வேறிடத்துக்கு அனுப்பிவிடும் ரிலே டொமைனாக்கி, எங்கே அனுப்புவது என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் மேப்பில் புதிய சர்வரைக் காட்டுங்கள். செய்யாவிட்டால், பழைய முகவரியை நினைவில் வைத்துத் தாமதமாக வரும் கடிதங்களும், பழைய சர்வர் வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்கும் உள் மென்பொருள்களின் கடிதங்களும் பழைய மெயில்பாக்ஸிலேயே விழும். கடிதம் போகவில்லை என்று திரும்பி வரும் பவுன்ஸ் வராது, லாகில் பிழையும் இருக்காது. ஒருவரும் திறக்காத பெட்டியில் அவை கிடக்கும்.

புதிய சர்வரும் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் முதல் இரண்டு நாள் அதில் சாஃப்ட் பவுன்ஸ் அமைப்பை இயக்கி வையுங்கள். ஏதாவது ஒரு முகவரியைச் சேர்க்க மறந்திருந்தால், நிரந்தர மறுப்பான 550க்குப் பதில் தற்காலிக மறுப்பான 450 போகும். அனுப்பியவரின் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்து மறுபடி முயலும். லாகைப் பார்த்து விடுபட்ட முகவரியைச் சேர்த்தால் கடிதம் தானாக வந்து சேரும். இரண்டு நாளுக்கு மேல் இதை நீட்டிக்காதீர்கள். உண்மையிலேயே தவறான முகவரிக்கு எழுதியவருக்கு அது தவறு என்று தெரியவே பல நாள் ஆகும்.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2016லிருந்து புதிய பதிப்புக்கு மெயில்பாக்ஸ்களை நகர்த்தும்போது நள்ளிரவில் டிஸ்க் நிறைந்து டேட்டாபேஸ் இயங்காமல் கழன்று (டிஸ்மவுன்ட் ஆகி) நின்றுவிட்டது. லாக் ஃபைல்களை அழித்து இடம் பிடிக்கலாமா?

பதில்: கையால் அழிக்காதீர்கள். அவை சாதாரண லாக் அல்ல, டிரான்சாக்ஷன் லாக். டேட்டாபேஸில் இன்னும் எழுதப்படாத மாற்றங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. எசியுடில் கருவியால் டேட்டாபேஸின் தலைப்பகுதியைப் படித்தால் டர்ட்டி ஷட்டவுன் (ஒழுங்காக மூடப்படவில்லை) என்றும், எந்த எண் முதல் எந்த எண் வரை லாக் தேவை என்றும் காட்டும். அந்த வரிசையில் ஒரு ஃபைல் போனாலும் டேட்டாபேஸ் எழாது. பிறகு பழுது பார்க்கும் கட்டளையில் கடிதங்களை இழக்க நேரிடும். டிஸ்கைப் பெரிதாக்கி மவுன்ட் செய்வதே பாதுகாப்பு.

காரணம் எளிது. நகர்த்தும் ஒவ்வொரு கடிதமும் இலக்கு டேட்டாபேஸில் புதிதாக எழுதப்படுகிறது. எழுதும் அளவுக்கு லாகும் 1 எம்பி ஃபைல்களாக வளர்கிறது. 400 ஜிபி நகர்த்தினால் ஏறக்குறைய 400 ஜிபி லாக் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முழு பேக்கப் வெற்றியாக முடிந்தால்தான் அவை கழிக்கப்படும். ஆகவே ஒரு பேக்கப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே லாக் டிஸ்க் தாங்கும் அளவு மட்டும் நகர்த்துங்கள். பேக்கப்புக்குக் காத்திராமல் பழைய லாகைக் கழிக்கும் சர்குலர் லாகிங்கை இயக்குவதும் ஒரு வழிதான். ஆனால் அது இயங்கும் வரை கடைசி பேக்கப் வரைக்கும் மட்டுமே மீட்க முடியும். நகர்த்தல் முடிந்ததும் அணைத்துவிட்டு, உடனே முழு பேக்கப் எடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்குமான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டதால் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 2019ஐ அதே கணினியில் புதிய பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனாக மேம்படுத்தலாம். 2016க்கு அந்த வசதி இல்லை, புதிய சர்வர் நிறுவி நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: வேறொரு எக்ஸ்சேஞ்ச் அமைப்புக்கு மாறிவிட்டோம். வெளியிலிருந்து கடிதம் ஒழுங்காக வருகிறது. ஆனால் சக ஊழியரின் பழைய கடிதத்துக்கு ரிப்ளை செய்தால் மட்டும் ஐஎம்சிஇஏஇஎக்ஸ் என்று தொடங்கும் நீண்ட முகவரியோடு பவுன்ஸ் வருகிறது. முகவரி சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: உங்கள் கண்ணுக்குத் தெரியும் முகவரி சரிதான். ஒரே நிறுவனத்துக்குள் போகும் கடிதங்களில் எக்ஸ்சேஞ்ச் அந்த முகவரியைப் பயன்படுத்துவதில்லை. லெகசி எக்ஸ்சேஞ்ச் டிஎன் என்ற உள் அடையாளத்தையே பழைய கடிதத்திலும் அவுட்லுக்கின் ஆட்டோகம்ப்ளீட் பட்டியலிலும் பதித்து வைக்கிறது. புதிய அமைப்பில் அதே ஆளுக்கு வேறு அடையாளம் பிறந்துவிட்டது. பழையதைக் கேட்டால் "அப்படி ஒருவர் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறது.

பழைய அடையாளத்தை, புதிய மெயில்பாக்ஸுக்கு எக்ஸ்500 வகைக் கூடுதல் முகவரியாகச் சேர்த்துவிடுங்கள். பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருந்தால் எல்லோருடைய அடையாளத்தையும் சிஎஸ்வி ஃபைலாக எடுத்து ஒரே ஸ்கிரிப்டில் ஏற்றலாம். அதை அணைத்துவிட்டீர்கள் என்றால் பவுன்ஸில் வந்த சரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி எழுத வேண்டும்: முன்னொட்டையும், கடைசியில் ஒட்டியிருக்கும் டொமைனையும் நீக்கி, ஒவ்வொரு அடிக்கோட்டையும் சாய்கோடாக்கி, +20 வரும் இடத்தில் இடைவெளியும், +28, +29 வரும் இடங்களில் அடைப்புக்குறிகளும் இடுங்கள். ஆட்டோகம்ப்ளீட் பட்டியலை அழித்துக்கொள்ளச் சொல்வது பாதித் தீர்வுதான். பழைய கடிதங்களுக்கான ரிப்ளை அப்போதும் திரும்பி வரும்.

கேள்வி: சர்வர் மாற்றிய நாள் முதல் எங்கள் கடிதங்கள் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போகின்றன. எங்கள் பெயரில் கடிதம் அனுப்பக்கூடிய ஐபிகளைப் பட்டியலிடும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய ஐபியைச் சேர்த்துவிட்டோம். வேறென்ன?

பதில்: ஜிமெயில் கணக்கு ஒன்றுக்குச் சோதனைக் கடிதம் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து எஸ்பிஎஃப், டிகிம் (கடிதத்தின் மின்கையொப்பம்), டிமார்க் (அவை அனுப்புநர் டொமைனோடு பொருந்துகின்றனவா என்ற சோதனை) மூன்றுக்கும் என்ன முடிவு வந்திருக்கிறது என்று பாருங்கள். ஊகத்தில் டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

எஸ்பிஎஃப் 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்றால் இரண்டு காரணங்களே அதிகம். ஒன்று, பழைய பதிவைத் திருத்தாமல் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். மற்றது, டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டியிருக்கும். வேறொரு டொமைனின் பட்டியலைச் சேர்க்கும் இன்க்ளூட் ஒவ்வொன்றும், அதற்குள் இருக்கும் இன்க்ளூட்களும் கணக்கில் சேரும். ஐபி எண்களை நேரடியாக எழுதினால் சேராது. டிகிம் தோற்றால் டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் பதிவாக வைத்த திறவுகோலைப் பாருங்கள். டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரம் 255 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. 2048 பிட் திறவுகோல் அதைவிட நீளம் என்பதால் இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டாலும் கையொப்பம் செல்லாது.

இரண்டும் பாஸ் ஆகி டிமார்க் மட்டும் ஃபெயில் என்றால், டொமைன் பொருந்தவில்லை. பெறுபவர் கண்ணில் படும் அனுப்புநர் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் உறுதி செய்த டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து ரிவர்ஸ் டிஎன்எஸ். புதிய ஐபியின் பிடிஆர் பதிவு உங்கள் சர்வரின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் திரும்ப அதே ஐபியைக் காட்ட வேண்டும். இதை உங்கள் டிஎன்எஸ் பேனலில் செய்ய முடியாது, ஐபி தந்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுள் இதை எல்லா அனுப்புநரிடமும் எதிர்பார்க்கிறது. நாளொன்றுக்கு ஜிமெயிலுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பேமுக்குப் போனால், புதிய ஐபிக்கு நற்பெயர் இன்னும் சேரவில்லை என்று பொருள். சில வாரங்களுக்கு மொத்தமாக அனுப்பும் அறிவிப்புகளை நிறுத்திவைத்து, அன்றாடக் கடிதங்களை மட்டும் அதன் வழியே விடுங்கள்.

கேள்வி: நகலெடுத்த பிறகு, தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் & குறியும் ஆங்கில எழுத்துகளுமாகத் தெரிகின்றன. அனுப்பிய கடிதங்களையும் காணோம்.

பதில்: ஐமேப் ஃபோல்டர் பெயர்களை மாற்றியமைத்த யுடிஎஃப்-7 என்ற குறிமுறையில் வைக்கும். ஃபைல்களை நேரடியாக நகலெடுத்து, புதிய சர்வரில் யுடிஎஃப்-8 என்று அமைத்திருந்தால் இப்படித்தான் தெரியும்; ஐமேப் வழியாக நகலெடுத்தால் வராது. அனுப்பிய கடிதங்கள் தொலைந்திருக்காது. ஒரு சர்வரில் 'சென்ட்', இன்னொன்றில் 'சென்ட் ஐட்டம்ஸ்'. இரண்டு ஃபோல்டராக இருக்கும், காலியானது கண்ணில் படும். ஐமேப்சிங்கில் பெயர்களை இணைத்துக் காட்டி மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: அளவு வரம்பை 25 எம்பி என்று வைத்தோம். 20 எம்பி ஃபைலே போகவில்லையே?

பதில்: அட்டாச்மென்ட் பேஸ்64 குறிமுறையில் போகிறது. மூன்று பைட் நான்கு எழுத்தாகும், வரி முறிவுகளும் சேரும். 20 எம்பி ஃபைல் 27 எம்பியைத் தாண்டும். 25 எம்பி ஃபைல் போக வேண்டுமென்றால் வரம்பு 35 எம்பி. போஸ்ட்ஃபிக்ஸில் மாற்றாமல் விட்டால் வரம்பு 1,02,40,000 பைட்தான்.

கேள்வி: ஒரு மாதம் ஆகிவிட்டது, புகார் எதுவும் இல்லை. பழைய சர்வரை எடுத்துவிடலாமா?

பதில்: புகார் இல்லை என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பழைய சர்வரின் எஸ்எம்டிபி (கடிதம் அனுப்பும் முறை) லாகைத் திறந்து, எந்த ஐபிகள் இன்னும் அதைத் தொடுகின்றன என்று எடுங்கள். ஸ்கேனர், யுபிஎஸ் எச்சரிக்கை, பேக்கப் அறிக்கை, கணக்கு மென்பொருள் போன்றவற்றில் பழைய ஐபியையே எழுதி வைத்திருப்பார்கள். சில பழைய கருவிகளுக்கு டிஎல்எஸ் 1.2 என்ற மறையாக்க முறை தெரியாததால் புதிய சர்வரோடு பேசவும் வராது. காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் கடிதம் அனுப்பும் மென்பொருள் ஒரு மாத லாகில் அகப்படாது என்பதால், ஒரு காலாண்டு முடிவையாவது தாண்டிய பிறகு எடுங்கள்.

எடுக்கும் நாளில் முதலில் பவரை அணைக்காமல், கடிதம் அனுப்பப் பயன்படும் 25, 465, 587 போர்ட்டுகளை மட்டும் ஃபயர்வாலில் இரண்டு வாரம் மூடிப் பாருங்கள். யாராவது தேடி வந்தால் ஒரு நிமிடத்தில் திறந்துவிடலாம். ஐபியைத் திருப்பித் தருவதற்கு முன் அதை எஸ்பிஎஃப் பதிவிலிருந்து நீக்குங்கள். நீக்காவிட்டால், நாளை அந்த ஐபியை வாங்குபவர் யாராக இருந்தாலும் உங்கள் டொமைன் பெயரில் எஸ்பிஎஃப் சோதனையைத் தாண்டிக் கடிதம் அனுப்ப முடியும்.