அரை மைல் தனிமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கொஞ்ச நாளாக ஆங்கிலத்தில் காதல் நாவல்களாக வாசித்துத் தள்ளுகிறேன். போன வாரம் படித்தது 1880களில் அமெரிக்காவின் டகோட்டாவில் நடக்கும் கதை. தனியாளாக நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி, மணமகள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறான். பதில் எழுதிய பெண் வரவில்லை. அவளுடைய உடைகளைப் போட்டுக்கொண்டு அவள் தம்பி ரயிலில் வந்து இறங்குகிறான். உண்மை தெரிந்த பிறகும் விவசாயி அவனைத் திருப்பி அனுப்பவில்லை. ஊருக்குத் தெரியாமல் கடைசிவரை சேர்ந்து வாழ்கிறார்கள். அழுதுவிட்டேன். அறைத்தோழனிடம் கதையைச் சொன்னபோது, "இதெல்லாம் இப்போ கிளப்பிவிட்டது, அந்தக் காலத்துல ஏது?" என்று சிரித்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. அப்படி நடந்திருக்க முடியுமா? சுபமாக முடியும் கதைகளையே தேடிப் படிப்பது நிஜத்திலிருந்து ஓடுவதா? தமிழில் ஏன் இப்படி யாரும் எழுதுவதில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

"நான் யார் என்று அவனுக்குத் தெரியாது" என்ற வரியைக் கேள்விகளுக்கு நடுவில் சொருகி வைத்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். அவனிடம் சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வாடகையில் பாதி கொடுக்கிறான் என்பதற்காக மனசையும் திறந்து காட்ட வேண்டியதில்லை. சொல்லத் தோன்றும் ஆள் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஓடுவதா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதைப் படித்து அழுகிறவரை எதற்கு விசாரணை செய்ய வேண்டும்? தமிழில் ஏன் இல்லை என்பதற்கு என் பதில், நீங்கள் இன்னும் எழுதவில்லை என்பதுதான்.

நடந்திருக்க முடியுமா என்றால், அதே டகோட்டாவில் ஒரு நிஜக் கதை இருக்கிறது. பிஸ்மார்க் நகருக்கு எதிரே, மிசௌரி ஆற்றின் மறுகரையில் ஆபிரகாம் லிங்கன் கோட்டை. அங்கே ஏழாவது குதிரைப்படைக்குத் துணி துவைத்துக் கொடுத்த மெக்சிகோக்காரி ஒருத்தி, திருமதி நாஷ் என்று பெயர். பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரி. படைவீரர்களைத்தான் ஒருவர் பின் ஒருவராகக் கல்யாணம் செய்துகொண்டாள். கடைசிக் கணவன் நூனன் என்ற கார்ப்பரல். தளபதி கஸ்டரின் மனைவி எலிசபெத் தன் நினைவுக்குறிப்பில் இவளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1878இல், நூனன் படையோடு வெளியே போயிருந்த சமயம், நோயில் விழுந்தாள். செத்தால் எதுவும் செய்யாமல் உடுத்திய துணியோடே புதைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். தோழிகளுக்கு மனசு வரவில்லை. மரியாதை செய்வதாக நினைத்துக் குளிப்பாட்டப் போனார்கள். உடல் ஆணுடல் என்று தெரிந்தது. செய்தி பத்திரிகைக்குப் போயிற்று. திரும்பி வந்த நூனனை முகாமே சூழ்ந்து நின்று சிரித்தது. சில வாரங்களில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான்.

(இன்றைக்கு அவளுக்கு என்ன பெயர் வைப்பது என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். பெண்ணாகவே புதைக்கச் சொன்னவளை நான் அவள் என்றுதான் எழுதுவேன்.)

இந்தக் கதை நமக்குக் கிடைத்ததே அந்தத் துணியை அவிழ்த்ததால்தான். அவள் கேட்டபடி புதைத்திருந்தால் ஒரு துவைக்கிற அம்மாள், ஒரு சிப்பாய், கல்யாணம், மரணம், அவ்வளவுதான் மிஞ்சியிருக்கும். உங்கள் தோழன் சிரிக்க வசதியாக இருந்திருக்கும். அகப்பட்டவர்களைப் பற்றிக் கோர்ட்டும் பத்திரிகையும் எழுதி வைத்தன. அகப்படாமல் வாழ்ந்து கிழமாகிச் செத்தவர்கள் பக்கத்தில் யாரும் பேனாவோடு நிற்கவில்லை. ஆகவே "ஏது?" என்று கேட்கிறவர்களிடம், எங்கே தேடினாய் என்று திருப்பிக் கேட்க வேண்டும். கொஞ்சம் தேடினால் கிடைக்கவும் செய்கிறது. வெர்மான்ட் மாநிலத்து வேபிரிட்ஜ் கிராமத்தில் சாரிட்டி பிரையன்ட், சில்வியா டிரேக் என்ற இரண்டு பெண்கள் 1807 முதல் 1851இல் சாரிட்டி சாகும்வரை சேர்ந்து வாழ்ந்தார்கள். தையல் தொழில். ஊர் அறியும், சர்ச் அறியும். சாரிட்டியின் அண்ணன் மகன், கவிஞர் வில்லியம் கல்லன் பிரையன்ட், 1843லேயே அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். இருவருக்கும் ஒரே கல்லறைக் கல். தோழனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வேண்டாம், அவனோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது வேறொரு இடம். "ஊருக்குத் தெரியாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எந்த ஊர், தம்பி?

இதைத்தான் நான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க மேற்கில் நாம் நினைக்கிற மாதிரி ஊர் கிடையாது. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி அந்தப் பரப்பு முழுக்கச் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 சதுர மைல்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 1862இல் லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் அதில் கால் பங்கை, 160 ஏக்கரை, கேட்டவனுக்குக் கொடுத்தது. நிபந்தனை, அந்த நிலத்திலேயே வீடு கட்டி ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும். நிலம் ஓரிடம், வீடு ஓரிடம் என்று இருக்க முடியாது. கணக்குப் போடுங்கள். 160 ஏக்கர் என்பது அரை மைலுக்கு அரை மைல். எல்லாச் சதுரத்திலும் ஆள் இருந்தாலே அடுத்த வீட்டுக்கு அரை மைல் நடக்க வேண்டும். எல்லாச் சதுரத்திலும் ஆள் இருக்கவும் மாட்டார்கள். ரயில்பாதையை ஒட்டிய பல பகுதிகளில் ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல் ரயில் கம்பெனிக்கு. பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கியது தனி.

நான் கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளையில் வளர்ந்தவள். எங்களுக்கும் வீடுகள் தள்ளித் தள்ளித்தான். ஆனால் ராத்திரி எங்கள் நாய் குரைத்தால் அடுத்த தோட்டத்து நாய் பதில் சொல்லும். அப்பா வரப்பில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் லாந்தரோடு யாராவது வருவார்கள். அந்தச் சமவெளியில் சத்தம் கொடுத்தால் காற்றுதான் வரும்.

உங்கள் நாவல் போன்ற கதைகளில் தனிமை என்பது விவசாயியின் குணமாக வருகிறது. பேசமாட்டான், முரடன், உள்ளே ஈரம் உள்ளவன். எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது. அந்தத் தனிமை அவன் சுபாவமில்லை, சர்க்கார் ஸ்கேல் வைத்து வரைந்தது. அந்தக் காலத்திலேயே இது தெரிந்திருந்தது. 1893இல் ஸ்மாலி என்ற பத்திரிகையாளர் அட்லாண்டிக் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சமவெளி விவசாயிகளும் அவர்கள் மனைவிமாரும் புத்தி பேதலிக்கிறார்கள், ஐரோப்பாவில் போல ஊராக வீடு கட்டி நிலத்துக்குப் போய்வரட்டும் என்பதுதான் அவர் சொன்னது. யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கனடாவில் சேர்ந்து ஊராகக் குடியிருந்தாலும் குடியிருப்பு நிபந்தனை செல்லும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ரஷ்யாவிலிருந்து வந்த மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அதை வைத்து மனிடோபாவில் தெருத்தெருவாக வீடு கட்டினார்கள். மனசு வைத்தால் முடிந்திருக்கிறது. அமெரிக்கா என்ன செய்தது? 1887இல் டாஸ் சட்டம் கொண்டுவந்து, வட்டமாகக் கூடாரம் போட்டு வாழ்ந்தவர்கள் உட்பட, பூர்வகுடிகளின் பொது நிலத்தையும் குடும்பத் தலைவனுக்கு 160 ஏக்கர் என்று கூறுபோட்டது. மிச்சத்தைக் குடியேறிகளுக்கு வழங்கியது. உங்கள் விவசாயி காதலித்த நிலம் யாருடையது என்று நாவலில் ஒரு வரி வருகிறதா?

அந்தத் தனிமை மனசில் மட்டும் இருந்ததும் இல்லை. டகோட்டா சமவெளியில் மரம் அபூர்வம். புல்வேரோடு மண்ணைப் பட்டைப் பட்டையாக உழுது எடுத்து, செங்கல் போல அடுக்கிக் கட்டிய வீடு. மழை விட்ட பிறகும் கூரை ஒழுகும். மண்ணும் பூச்சியும் சாப்பாட்டில் விழாமலிருக்க மேலே துணி கட்டுவார்கள். விறகு கிடையாது. காய்ந்த புல்லைக் கயிறு போல முறுக்கி, மடக்கி, முடிச்சுப் போட்டு அடுப்பில் திணிக்க வேண்டும். புல் எவ்வளவு நேரம் எரியும்? உட்கார்ந்து முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளங்கை பிளந்துவிடும். 1888 ஜனவரி 12 போன்ற ஒரு பனிப்புயல் நாளில் ஒருத்தன் மாட்டுக் கொட்டகைக்குப் போனால் அடுப்பை இன்னொருத்தர் பார்த்தாக வேண்டும். தனி ஆள் தூங்கினால் நெருப்பு அணையும். மணமகள் தேவை என்று விளம்பரம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் தேடியது இந்த இன்னொரு ஜோடிக் கையைத்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன கதையில் யாராவது புல் முறுக்கினார்களா? முத்தம் எத்தனை என்று கேட்கவில்லை.

போகிற போக்கில் ஒன்று. விளம்பரத்துக்குப் பதில் வந்ததெல்லாம் தபால்காரர் வாசலில் கொண்டுவந்து கொடுத்ததாக அந்தக் கதையில் இருந்தால் அடித்துவிடுங்கள். கிராமத்துக்கு வீடு தேடித் தபால் வரத் தொடங்கியது 1896இல். அதுவரை வண்டி கட்டிக்கொண்டு தபாலாபீஸுக்குத்தான் போக வேண்டும்.

இப்போது கதையில் அந்தத் தம்பி போட்டு வந்த பாவாடைக்கு வருகிறேன். ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதான குடிமக்களும், குடிமக்களாக விண்ணப்பித்தவர்களும் நிலம் கேட்கலாம். கல்யாணமாகாத பெண், கைம்பெண் உட்பட. கணவனோடு இருக்கும் மனைவி மட்டும் தனியாகக் கேட்க முடியாது. ஆக, விவசாயி பெண்ணைக் கட்டிக்கொண்டால் 160 ஏக்கர். இன்னொரு ஆண் பக்கத்துச் சதுரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டால் 320. இரண்டு நிலத்தின் எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு குடிசையைக் கட்டி, அவரவர் நிலத்தில் அவரவர் கட்டிலைப் போட்டுக் குடியிருப்புக் கணக்குக் காட்டியவர்கள் உண்டு. கதையில் வரும் தம்பி 21 வயதானவன் என்றால், அக்கா உடையில் வந்து இறங்கியதில் 160 ஏக்கர் நஷ்டம்.

வேட்டி கட்டி வந்திருந்தாலும், சரி, கால்சட்டையோடு வந்திருந்தாலும், யார் என்ன கேட்டிருப்பார்கள்? இரண்டு ஆண்கள் ஒரே குடிசையில் பொங்கித் தின்பது அங்கே அன்றாடக் காட்சி. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதும் கட்டம் 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக வந்தது. அந்தக் கட்டத்தில் கூட்டாளி என்று எழுதிவிட்டு அதிகாரி அடுத்த குடிசைக்குப் போனார். எல்லாரும் காதலர்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னதாக யாரும் கிளம்பி வராதீர்கள். ஆணும் ஆணும் சேர்ந்தால் சிறை என்ற சட்டமும் இருந்தது. ஆனால் சட்டத்துக்குக் கண் வேண்டும், அரை மைல் தள்ளி இருப்பவனுக்கு உங்கள் ஜன்னல் தெரியாது. பிரித்து வைத்த அதே சதுரம் இவர்களை மறைத்தும் வைத்தது. உங்கள் நாவலாசிரியர் இதைப் பார்க்காமல், இல்லாத ஊரை உண்டாக்கி, அதற்குப் பயந்து முந்நூறு பக்கம் ஓடியிருக்கிறார்.

பயம் வேண்டுமென்றால் சரியான இடத்தில் வையுங்கள். ஐந்து வருடம் முடிந்ததும் பட்டா வாங்க நில அலுவலகத்தில் நம்பகமான இரண்டு சாட்சிகள் வந்து, ஆமாம், இவர் இங்கேதான் குடியிருந்தார் என்று சொல்ல வேண்டும். சாட்சி யார்? அந்த அரை மைல் தள்ளி இருப்பவர்கள்தான். ஐந்து வருடம் உங்களைக் கண்டுகொள்ளாத இரண்டு பேர் ஒருநாள் வண்டியேறி வந்து, உங்கள் வீட்டைப் பற்றிச் சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் என்ன பார்த்திருக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடப்போகிறார்கள்? அதற்கு முன்பே ஒருத்தன் செத்துப்போனால் சட்டம் முதலில் தேடுவது விதவையை. அவள் இல்லையென்றால் வாரிசு அல்லது உயில். உயில் எழுதியிருக்கிறானா? எழுதியிருந்தால் யார் பெயருக்கு, என்ன உறவு என்று குறிப்பிட்டு? ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஓர் அண்ணன் வந்து இறங்கினால்?

தமிழில் ஏன் இல்லை என்று கேட்டீர்களே, இதை எழுதுங்கள். டகோட்டாவிலேயே நடக்கட்டும், ஊரை மாற்ற வேண்டியதில்லை. சுபமாகவே முடியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு சாட்சிகளும் வரும் அத்தியாயம் இல்லாமல் எனக்கு அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
அக்கா